எண்ணெய் பட்ட தாளும் எபாக்சி ஊற்றிய டிக்கெட்டும்

காவேரிப்பட்டணத்து நிப்பட்டு, அதாவது எண்ணெயில் பொரித்த தட்டை, அதைச் செய்தித்தாளில் மடித்து வாங்கித் தின்று வளர்ந்தவன் நான். தின்று முடித்ததும் அந்தத் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போல ஆகியிருக்கும். பின்பக்கத்துச் செய்தி இந்தப் பக்கம் இடம்வலம் மாறித் தெரியும். பழைய பஸ் டிக்கெட், பத்திரிகை நறுக்கு, கல்யாணப் பத்திரிகை போன்றவற்றைப் பலகையில் ஒட்டி, மேலே கண்ணாடி மாதிரி எபாக்சி (இரண்டு திரவம் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) ஊற்றிப் பதிக்க ஆசைப்படுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த எண்ணெய்க் கறையிலேயே இருக்கிறது. அது எனக்குக் காலம் கடந்துதான் புரிந்தது.

என் தாய்மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் தர்மபுரியின் போக்குவரத்துக் கழகம் அன்னை சத்யா பெயரில் இருந்தது. 1997இல் தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, இதையும் இது போன்ற மாவட்டக் கழகங்களையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். பழைய பெயர் அச்சிட்ட டிக்கெட்டுகளில் கொஞ்சம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஒரு டீக்கடை போட்டார். கல்லாப் பக்கத்து மேசைக்கு மாமரப் பலகை வாங்கினார். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் காய்ப்பு ஓய்ந்த மாமரத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதன்மேல் டிக்கெட்டுகளைப் பரப்பிப் பதிக்க வேண்டும் என்றார்.

“மேலே கண்ணாடி வைத்துவிடலாமே மாமா” என்றேன்.

“கண்ணாடிக்கு அடியில் டீ இறங்கும் மாப்பிள்ளை. பின்னாலேயே எறும்பு இறங்கும். என்னமோ ஊற்றினால் கல்லாகிவிடுகிறதாமே, அதை ஊற்று.”

நல்ல வேளையாக நேராக மேசையில் ஊற்றவில்லை. வெட்டி மிஞ்சிய பலகைத் துண்டில் மூன்று சாமான்களை ஒட்டிப் பார்த்தேன். ஒரு பழைய டிக்கெட், 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதைச் சொல்லும் செய்தித்தாள் நறுக்கு, இப்போதைய மின்னணுக் கருவியில் அடித்துத் தரும் டிக்கெட் ஒன்று. மறுநாள் காலையில் மூன்றும் மூன்று விதமாகக் கெட்டுக் கிடந்தன. பழைய டிக்கெட் நிறம் இருண்டு, பலகையின் ரேகைகள் அதற்குள் ஓடின. நறுக்கில் மாவட்டப் பிரிப்புச் செய்திக்கு நடுவே பின்பக்கத்துப் பாத்திரக்கடை விளம்பரம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பித் தெரிந்தது. கருவி டிக்கெட்டோ கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. போதாததற்கு, காகித ஓரங்களைச் சுற்றிக் கடுகளவு குமிழிகள் வரிசை கட்டி நின்றன. கருவி டிக்கெட்டின் கதை தனி. மற்ற எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: காகிதத்துக்குள் இருக்கும் காற்று.

வெள்ளையாகத் தெரிவது காற்று

காகிதம் என்பது மர நார்களைப் பின்னலாக அடுக்கி அழுத்திய பாய். நார் செல்லுலோஸால் ஆனது. தனி நாரை எடுத்துப் பார்த்தால் அதற்கு வெள்ளை நிறம் இல்லை. ஏறக்குறைய நிறமற்றது, ஒளியை உள்ளே விடுவது. அப்படியானால் தாள் ஏன் வெள்ளையாக இருக்கிறது? கல்லுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிகிறது. அதையே பொடித்துக் குவித்தால் வெண்மையாக இருக்கிறது. உப்பு மாறவில்லை. பொடிக்கும் பொடிக்கும் இடையே காற்று புகுந்ததுதான் மாற்றம்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது, கொஞ்சம் திரும்பியும் அடிக்கிறது. எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண் ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது ஏறக்குறைய 1. செல்லுலோஸுக்கு 1.5ஐ ஒட்டி. இரண்டுக்கும் இடைவெளி பெரிது என்பதால் நாரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறுகிறது. ஒரு தாளின் கனத்துக்குள் இப்படி எத்தனையோ எல்லைகள். சிதறிச் சிதறிப் பெரும்பகுதி ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வருவதால் தாள் வெள்ளையாகத் தெரிகிறது, பின்னால் இருப்பதை மறைக்கிறது.

இப்போது அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு எண்ணெயை நிரப்புங்கள். எண்ணெயின் எண்ணும் 1.47 அளவில் இருக்கிறது, நாருக்குக் கிட்டத்தட்டச் சமம். எல்லை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒளி சிதறாமல் நேராகப் போய்ப் பின்னால் இருப்பதைத் தொட்டு வருகிறது. எபாக்சியின் எண் 1.5க்குச் சற்று மேலே. எண்ணெயைவிடவும் நாருக்கு நெருக்கம். ஆகவே எண்ணெய் செய்கிற வேலையை எபாக்சி இன்னும் கச்சிதமாகச் செய்துவிடுகிறது. தண்ணீரும் இதைத்தான் செய்கிறது, கொஞ்சம் அரைகுறையாக. அதன் எண் 1.33தான். நனைந்த தாளைக் காயவைத்தால் தண்ணீர் ஆவியாகிக் காற்று திரும்பி வரும், தாளும் பழையபடி வெளுக்கும். எபாக்சி நாருக்குள் புகுந்து கல்லாகிவிட்டால் அதற்கப்புறம் வழியே இல்லை.

குமிழியும் இதே கணக்குதான். எபாக்சி உள்ளே நுழைந்தால் அங்கே இருந்த காற்று எங்கேயாவது போக வேண்டுமல்லவா? மேலே வருகிறது. தேன் பதத்தில் இருக்கும் திரவத்தில் ஊர்ந்து ஊர்ந்து வருவதற்குள் அது இறுகிவிடுகிறது. பாதி வழியில் பஸ் நின்றுபோன பயணிகள் மாதிரி குமிழிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஆக, செய்ய வேண்டியது எபாக்சி வருவதற்கு முன்பே காகிதத்தின் வாசலை அடைத்துவிடுவது. காற்று உள்ளேயே இருக்கட்டும். அது இருக்கும்வரை தாள் தாளாகத் தெரியும்.

உறை ஊற்றுவது போல் அல்ல

எபாக்சி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உடைந்த பொம்மை ஒட்ட வாங்கும் அரால்டைட்டில் இரண்டு குழாய் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுவும் எபாக்சிதான். ஒன்று பிசினான ரெசின், மற்றது அதை இறுகவைக்கும் ஹார்டனர். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் வேலையிலும் கல்லின் விரிசலை அடைக்க எபாக்சியைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் ஒட்டுவதற்கும் அடைப்பதற்குமான ரகம் வேறு, மேசைமேல் ஊற்றும் ரகம் வேறு. ஊற்றும் ரகம் நீர்த்தது, தெளிவானது, தானே பரவி மட்டமாகிவிடும்.

பெயின்ட் காய்வதற்கும் எபாக்சி இறுகுவதற்கும் சம்பந்தம் கிடையாது. பெயின்ட்டில் இருக்கும் தின்னரோ தண்ணீரோ ஆவியாகிப் போனபின் மிச்சம் நிற்பது படலம். எபாக்சியில் ஆவியாகிப் போக ஒன்றுமில்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன. ஊற்றிய கனம் அப்படியே நிற்கும். வினையின்போது சூடும் பிறக்கும்.

இங்கேதான் நம் சமையலறை அறிவு நம்மை ஏமாற்றுகிறது. பாலுக்கு உறை ஊற்றும்போது அரைக் கரண்டி கூடினால் தயிர் சீக்கிரம் தோயும், அவ்வளவுதான். ஹார்டனரை உறைமோர் என்று நினைத்துக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் வேலை கெட்டது. அது வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் பொருளில்லை, வினையில் சரிபாதிப் பங்காளி. பந்தியில் இலைக்கு ஓர் ஆள் என்பது போல ஒவ்வொரு ரெசின் மூலக்கூறின் முனைக்கும் ஹார்டனரில் ஓர் இணை வேண்டும். மிஞ்சியது எதுவானாலும் பிசுபிசுப்பாக உள்ளேயே கிடக்கும். அது ஒரு வருடம் ஆனாலும் இறுகாது. சில சொட்டுக் கலந்தாலே இறுகும் பாலியெஸ்டர் ரெசின் என்று இன்னொன்று உண்டு. நெடி தூக்கலாக அடிக்கும். அதில் பழகியவர்கள் சொல்லும் அளவை இதற்குக் கேட்காதீர்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம்.

அதிலும் ஒரு கண்ணி. சில டப்பாவில் கன அளவு விகிதம் போட்டிருப்பார்கள், சிலவற்றில் எடை விகிதம். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. கன அளவில் 2:1 என்று போட்டிருப்பதைத் தராசில் 2:1 என்று நிறுத்தால் ஹார்டனர் கூடிவிடும். அளவுக் குவளையா தராசா என்பதை முதலிலேயே பார்த்து முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வாசலை அடைப்பது

அடைப்பதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மோர் பதத்துக்கு வரும். பசையாகப் பார்க்கும்போது வெள்ளையாக இருந்தாலும் காய்ந்தால் தெளிவான பிளாஸ்டிக் தோல் ஆகிவிடும். எபாக்சி நுழைய முடியாத தோல் அது.

மென்மையான பிரஷ்ஷால் முதலில் பின்பக்கம் பூசுங்கள். காய்ந்ததும் முன்பக்கம். மறுபடி இரண்டு பக்கமும் ஒருமுறை. செய்தித்தாள் போன்ற உறிஞ்சும் தாளுக்கு மூன்றாவது பூச்சும் தேவைப்படும். ஈரத்தில் தாள் அப்பளம் போல நெளியும், பயப்பட வேண்டாம். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான நோட்டுப் புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டால் மட்டமாகிவிடும். பசை விரல் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தால் போதாது. முழுதாக ஒரு நாள் காயவிடுங்கள்.

எல்லோரும் தவறவிடுவது ஓரத்தை. நாரின் வெட்டு வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. முன்னும் பின்னும் நன்றாகப் பூசிவிட்டு ஓரத்தை விட்டால், எபாக்சி ஓரம் வழியாக ஏறி டிக்கெட்டைச் சுற்றி வேட்டிக் கரை மாதிரி கருப்புக் கோடு போட்டுவிடும். என் இரண்டாவது சோதனை இப்படித்தான் போயிற்று. பூசியபின் கத்தரிக்கோலால் ஓரம் நறுக்கினாலும் அதே கதை. நறுக்கிய ஓரத்தை மறுபடி பூச வேண்டும். எளிய வழி, விரல் நுனியில் பசை தொட்டு ஓரம் முழுக்க நான்கு பக்கமும் ஒரு சுற்று இழுத்துவிடுவது.

அடைப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க நிப்பட்டுதான் வழிகாட்டி. அதே மாதிரித் தாள் ஒன்றையும் கூடவே பூசிவையுங்கள். காய்ந்ததும் அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். கறை இறங்கவில்லை என்றால் எபாக்சியும் இறங்காது. உண்மையான டிக்கெட்டில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டாம்; அதைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், மினுமினுப்புக்கு நடுவே மங்கலாகத் தெரியும் திட்டுகளுக்கு இன்னொரு பூச்சு வேண்டும்.

எந்தத் தாளுக்கு என்ன குணம் என்பது அடுத்த கேள்வி. பழைய பஸ் டிக்கெட், கோயில் அர்ச்சனைச் சீட்டு, மாங்கனிக் கண்காட்சி நுழைவுச் சீட்டு போன்ற அச்சடித்த தாள்கள் பொதுவாகப் பசைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். லேசர் அச்சும் ஜெராக்ஸும் இன்னும் நல்லவை. அதில் எழுத்தாக ஒட்டியிருப்பது சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக் தூள், தண்ணீரில் கரையாது. மை தெளித்து அச்சிடும் வீட்டுப் பிரின்டரின் எழுத்து பல நேரம் கரையும். ஊற்றுப்பேனாவில் எழுதிய கடிதம் நிச்சயம் கரையும், பிரஷ்ஷின் முதல் இழுப்பிலேயே நீலக் குளமாகிவிடும். இவற்றுக்குத் தண்ணீர் கலந்த பசை ஆகாது. தெளிவான அக்ரிலிக் ஸ்பிரேயை எட்டப் பிடித்துப் பனி பெய்வது போல மெல்லிசாக நான்கைந்து தடவை அடிக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா இதற்கு நேர்மாறு. அதன் மை தண்ணீருக்குத் தாங்கும், ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பானுக்கு இளகும்.

ஸ்டுடியோவில் எடுத்த வண்ணப் புகைப்படங்களில் தாளுக்கு இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதில் ஓரத்தை மட்டும் கவனித்தால் போதும். கல்யாணப் பத்திரிகையில்தான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது: நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வருவது தெரியும்தானே? சுண்ணாம்பு காரம் என்பதால் வரும் நிறம் அது. எபாக்சியின் ஹார்டனரும் காரத் தன்மை உடையதுதான். அடைக்காத மஞ்சளில் அது பட்டால் மூலை சிவக்க வாய்ப்பு உண்டு. பசைப் பூச்சு இதையும் தடுக்கும், ஆனால் மஞ்சள் மூலைக்குக் கடைசியாகப் பிரஷ்ஷைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பத்திரிகை முழுக்க மஞ்சள் நீராட்டு விழாதான்.

கருவி டிக்கெட்டின் கதையைச் சொல்ல வேண்டும். மின்னணுக் கருவியில் வரும் டிக்கெட்டும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தாள். அதில் மையே கிடையாது. தாளின் மேல்பூச்சில் நிறமற்ற சாயமும் அதைக் கருக்கவைக்கும் இன்னொரு பொருளும் கலந்திருக்கின்றன. கருவியின் சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கருக்கும், அதுதான் எழுத்து. நான் குமிழியை உடைப்பதற்குத் தீச்சுடர் காட்டியபோது தாள் முழுவதையும் ஒரே எழுத்தாக்கிவிட்டேன். சூடு படாவிட்டாலும் அந்த எழுத்து நாளாக நாளாக வெளுத்துத்தான் போகும். இதைக் காப்பாற்ற ஒரே வழி, லேசர் நகல் எடுத்து நகலைப் பதிப்பது.

நகல் என்று வந்த பிறகு என் பிடிவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்று இருக்கும் எதையும் எபாக்சிக்கு அடியில் போடாதீர்கள். இறுகிய எபாக்சியிலிருந்து காகிதத்தை உயிரோடு எடுக்க முடியாது. மாமாவிடம் ஒரே மாதிரி டிக்கெட்டுகள் டப்பா நிறைய இருந்தன, அதனால் அசலையே பதித்தோம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வந்த உத்தரவுக் கடிதத்தையும் நீட்டினார். அதைக் கடையில் வண்ண லேசர் நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார். நகலில் இன்னொரு லாபமும் உண்டு. பின்பக்கம் வெற்றுத்தாள், எழுத்து ஊடுருவித் தெரியும் பேச்சே இல்லை. செய்தித்தாள் நறுக்கின் அசலையேதான் பதிக்க வேண்டும் என்பவர்கள் பின்னால் ஒரு கெட்டியான வெள்ளை அட்டையை ஒட்டிவிடுங்கள். ரூபாய் நோட்டு வேண்டாம். நோட்டுகளை மாலைக்கும் அலங்காரத்துக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே கேட்டுக்கொண்டிருக்கிறது.

பலகையும் பொழுதும்

பலகையும் காகிதத்தின் அண்ணன்தான். அதற்குள்ளும் காற்றுக் குழாய்கள். மாமரம் நன்றாகவே உறிஞ்சும். ஆகவே முதலில் பலகைக்கு மட்டும் மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்றைப் பிரஷ்ஷால் தடவி இறுகவிட வேண்டும். பிறகு அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, அடைத்து வைத்த காகிதங்களை அதே வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் கூடாது. நடுவில் ஒரு பொட்டு வைத்து ஒட்டினால் அடியில் காற்றுப்பை நிற்கும். காகிதம் எபாக்சியைவிட இலேசானது என்பதால் மிதக்கவும் செய்யும். முழுப் பரப்பிலும் பசை பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவிக் காற்றைத் தள்ளிவிட வேண்டும். பசை காய மறுபடி ஒரு நாள்.

மேசை மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். எபாக்சிக்குக் கண் ஏமாறாது. ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் போய்க் குவிந்துகொள்ளும்.

எவ்வளவு வேண்டும் என்பது சின்னக் கணக்கு. ஒரு தடவைக்கு 3 மி.மீ. கனம் சரி. ஒரு சதுர அடிக்கு அது ஏறக்குறைய 280 மில்லி. எங்கள் மேசை ஏழரைச் சதுர அடி, ஆகவே 2.1 லிட்டர். ஓரத்தில் வழிவதற்கும் வாளியில் ஒட்டுவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டோம். ஒரே தடவையில் கனமாக ஊற்றி வேலையை முடிக்கலாம் என்று தோன்றும். வினையின் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறி, மஞ்சளித்து, விரிசல் விட்டுவிடும். கலந்ததை வாளியிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாலும் இதே ஆபத்துதான். கையில் பிடிக்க முடியாத சூடாகும், புகையும் கிளம்பும். கலந்த கையோடு மேசையில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். மெல்லிசாகப் பரவினால் சூடு காற்றில் போய்விடும்.

பொழுது பார்த்து ஊற்ற வேண்டும். ஜோதிடம் எதுவும் இல்லை, காற்றின் குணம்தான். காலையில் ஊற்றினால் வெயில் ஏற ஏறப் பலகை சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து எபாக்சிக்குள் குமிழியாகத் தள்ளும். மாலையில் ஊற்றினால் பலகை குளிர்ந்து காற்று சுருங்கும், தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அறையின் சூடு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் நினைப்பதற்குள் இறுகிவிடும். ஓசூர் போன்ற மேட்டு ஊரில் மார்கழியில் செய்தால் தேன் பாகாகத் தடித்துக் குமிழியை விடாது. ரெசின் பாட்டிலை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் இளகும். மழை நாள் ஆகவே ஆகாது. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போன்ற வெண்படலம் போடும்.

மாலை என்றதும் விளக்கு, விளக்கு என்றதும் பூச்சி. முந்தின நாள் மழை பெய்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாசல் கதவு திறந்திருந்தது. ஐம்பது காசு டிக்கெட்டுக்குப் பக்கத்தில் ஈசல் ஒன்று இறக்கையோடு இறங்கிவிட்டது. குச்சியால் எடுக்கப் போய் இறக்கை மட்டும் தங்கிற்று. இரண்டாவது பூச்சுக்குக் கதவைச் சாத்தி, மேசைக்கு மேலே மூங்கில் குச்சியில் பிளாஸ்டிக் தாள் கட்டிக் கூடாரம் போட்டோம்.

கலக்குவதில் அவசரம் ஆகாது. மூன்று நான்கு நிமிடம், நிதானமாக, நுரை எழாமல். வாளியின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு வாளிக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். முதல் வாளியின் சுவரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கலக்காதது. தோசைமாவு போலக் கடைசிவரை வழித்து மேசையில் விட்டால் அந்த இடம் மட்டும் என்றைக்கும் பிசுபிசுக்கும்.

ஊற்றிப் பரப்பிய சில நிமிடங்களில் மேலே வரும் குமிழிகளை உடைக்க, சிறிய கேஸ் சுடரை ஒரு சாண் உயரத்தில் வைத்துக் கோலம் போடும் வேகத்தில் ஓட்டிச் செல்ல வேண்டும். சூட்டில் மேற்பரப்பு இளகிக் குமிழி பட் என்று உடையும். ஓரிடத்தில் நின்றால் கருகும். தலைமுடி காயவைக்கும் கருவி வேண்டாம், அது தூசியை வாரி இறைக்கும். தின்னர், ஸ்பிரே டப்பா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க விடாது. பிறகு அந்த டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் அனுப்பும் வேலை. ஜன்னல் திறந்த அறை வேண்டும், அதற்கு ஒரு கொசுவலையும் வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்குக்கு முகக்கவசம்.

முதல் பூச்சு ஒரு நாள் இறுகியபின் இரண்டாவது பூச்சு. அதற்கு முன் சோப்புத் தண்ணீரால் கழுவி, 220ஆம் எண் உப்புத்தாளால் முழுக்கத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் மேல்பூச்சுக்குப் பிடிமானம். நான் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி போல் இருந்த மேசை சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்தது. மாமாவின் முகமும் கூடவே வெளுத்தது.

“டிக்கெட் ஒன்றும் தெரியவில்லையே மாப்பிள்ளை!”

இங்கேயும் அதே காற்றுதான். கீறல்களுக்குள் காற்று புகுந்து ஒளியைச் சிதறடித்ததால் வந்த வெண்மை அது. புது எபாக்சி ஊற்றியதும் கீறல்கள் நிரம்பின, நிரம்பியது அதே ஒளிவிலகல் எண் கொண்ட பொருள், எல்லைகள் மறைந்தன. ஊற்றின இடத்திலிருந்து தெளிவு அலை போலப் பரவி, ஒவ்வொரு டிக்கெட்டாக வெளியே வந்தது. காகிதத்துக்குக் கேடு செய்த அதே குணம் இங்கே நமக்கு வேலை செய்கிறது.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், ஆனாலும் ஒரு வாரம் கனமான எதையும் வைக்காதீர்கள். வெயில் நேராக விழும் இடத்தில் மேசையைப் போட வேண்டாம். புற ஊதாக் கதிரில் எபாக்சி மஞ்சளிக்கும். அதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்த ரகங்கள் உண்டு, தடுத்து நிறுத்துவது எதுவும் இல்லை. டீக்கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது சூடு. மேசையில் ஊற்றும் ரகங்கள் பலவும் 50, 60 டிகிரியிலேயே மேற்பரப்பு இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ கிளாஸ் அதற்கு மேலே. கிளாஸை அப்படியே வைத்தால் அடியின் வட்டம் பதியும். அதனால்தான் டிக்கெட் மேசையைக் கல்லாப் பக்கமே நிறுத்தினோம், பாய்லர் பக்கத்துக்குப் பழைய கிரானைட் பலகை. அப்படியும் திறந்த முதல் வாரத்திலேயே யாரோ கிளாஸை வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். வட்டத்தை எடுப்பது கஷ்டமில்லை. அந்தப் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து இன்னொரு மெல்லிய பூச்சு ஊற்றினால் போதும். மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.